ஒட்டாமல் விட்ட துண்டுகள்

ஜப்பானின் வடக்கு ஓரத்தில், அவோமோரி மாகாணத்தில், கிஸுகுரி என்று ஒரு சின்ன ரயில் நிலையம் இருக்கிறது. அதன் முகப்பு முழுக்க ஒரே ஓர் உருவம். சுமார் 17 மீட்டர் உயரம். தலைமேல் கிரீடம் மாதிரி ஏதோ ஒன்று, திரண்ட தோள்கள், குறுகிய இடுப்பு, முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு இரண்டு வீங்கிய கண்கள். கண்ணின் நடுவில் கிடைமட்டமாக ஒரு கீறல். ரயில் வரும்போது அந்தக் கண்கள் மின்னும்படி விளக்கு வைத்தார்கள். குழந்தைகள் பயப்படுகிறார்கள் என்று சில காலம் அணைத்தும் வைத்தார்கள். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் ஷாக்கோ-சான்.

அதைப் படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் கண்ணைத்தான் எடுக்கிறார்கள். எனக்குப் பிடித்தது கால். ஷாக்கோ-சானுக்கு ஒரு கால்தான். இன்னொன்று தொடையோடு முடிந்துவிடுகிறது. கட்டியவர்கள் நினைத்திருந்தால் இன்னொரு காலையும் சேர்த்துக் கட்டியிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் மூலச் சிலைக்கு இடது கால் இல்லை. அதனால் நகலுக்கும் இல்லை.

அந்த மூலச் சிலை வெறும் 34 சென்டிமீட்டர். 1880-களில் அதே பகுதியில், கமெகாவோகா என்ற இடத்தில் மண்ணுக்குள் இருந்து கிடைத்தது. இப்போது டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தின் சொத்து. ஏறத்தாழ மூவாயிரம் வருடத்துக்கு முந்தையது. இந்த மாதிரி உருவங்களுக்கு ஜப்பானியில் டோகூ என்று பெயர். மண் பொம்மை, அவ்வளவுதான் அர்த்தம்.

*

டோகூ செய்தவர்களை ஜோமோன் மக்கள் என்கிறோம். அவர்கள் தங்களை என்ன சொல்லிக்கொண்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. எழுத்து கிடையாது. 1877-ல் எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்க விலங்கியலாளர், யோகஹாமாவிலிருந்து டோக்கியோ போகும் ரயிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, ஓமோரி என்ற இடத்தில் கிளிஞ்சல் மேடு ஒன்று கண்ணில் பட்டது. தோண்டினார். கிடைத்த பானை ஓடுகளில் எல்லாம் கயிற்றை அழுத்திய தடம். கயிற்றுத் தடம் என்பதன் ஜப்பானிய மொழிபெயர்ப்புதான் ஜோமோன். பத்தாயிரம் வருடத்துக்கு மேல் நீடித்த ஒரு வாழ்க்கைக்கு, அவர்கள் பானையில் உருட்டிய கயிற்றின் பெயரை வைத்துவிட்டோம்.

வேட்டை, மீன், கிளிஞ்சல், செஸ்ட்நட் கொட்டைகள். பெரிதாக விவசாயம் இல்லை, ஆனாலும் ஒரே இடத்தில் நிலையாகத் தங்கினார்கள். பானை செய்தார்கள். கூடவே இந்தப் பொம்மைகளையும். இதுவரை கிடைத்தவை 18,000 முதல் 20,000 வரை இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். நெல் விவசாயம் வந்து வாழ்க்கை மாறியபோது டோகூவும் மெல்ல இல்லாமல் போனது.

ஆகப் பழையவற்றில் ஒன்று 2010-ல் ஷிகா மாகாணத்தில் கிடைத்தது. சுமார் 13,000 வருடப் பழசு. உயரம் 3.1 சென்டிமீட்டர். எடை 14.6 கிராம், அவ்வளவே. அதற்குத் தலை இல்லை, கை இல்லை, கால் இல்லை. உடைந்து போகவில்லை, செய்யும்போதே வைக்கவில்லை. முலைகளும் இடுப்பும் உள்ள ஓர் உடல் மட்டும். தட்டையான அடியோடு தானாக நிற்கும். உள்ளங்கையில் மூடி வைத்துக்கொள்ள வேண்டும் என்று செய்ததைப் போல இருக்கிறது.

*

கமெகாவோகா சிலையின் கண்ணைப் பார்த்து ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஜப்பானில் மானுடவியலைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான சுபோய் ஷோகோரோ லண்டனில் இருந்தபோது, வடதுருவத்து மக்கள் பனியின் கூசலைத் தடுக்க மாட்டிக்கொள்ளும் கண்ணாடியைப் பார்த்தார். எலும்பிலோ மரத்திலோ செய்து, நடுவில் மெல்லிய கீறல் விட்டது. அடடே, இதுதானே அது என்று தோன்றியிருக்கிறது. அதிலிருந்து அந்த வகைக்கு 'கூசல் தடுப்பான் அணிந்த டோகூ' என்ற பொருளில் ஷாக்கோகி-டோகூ என்று பெயர் நிலைத்துவிட்டது. அது கண்ணாடி இல்லை, கண்தான் என்று இப்போது அநேகமாக எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். பெயர் மட்டும் போகவில்லை.

பிறகு விண்வெளிக்காரர்கள் வந்தார்கள். எரிக் ஃபான் டெனிகன் வகையறா. அது வேற்றுக்கிரகத்து ஆள், போட்டிருப்பது விண்வெளி உடை என்றார்கள். 2021-ல் தகேகுரா ஃபுமிதோ என்ற ஆய்வாளர், டோகூ எல்லாம் பெண்கள் இல்லை, ஜோமோன் மக்கள் சாப்பிட்ட கொட்டைகளையும் கிழங்குகளையும் கிளிஞ்சல்களையும் மனித உருவில் காட்டியவை என்று ஒரு புத்தகம் எழுதினார். நன்றாக விற்றது, சன்டோரி பரிசும் வாங்கியது. தொல்லியலாளர்கள் கொதித்துப்போய் அதற்கு மறுப்பாக இன்னொரு புத்தகமே போட்டார்கள்.

பாடப்புத்தகத்தில் இருக்கும் விளக்கம் வேறு: தாய்த் தெய்வம், வளமை, சுகப்பிரசவத்துக்கான வேண்டுதல். பல டோகூக்களுக்கு வயிறு மேடிட்டிருப்பதும், தொப்புளிலிருந்து கீழ்நோக்கி ஒரு கோடு ஓடுவதும் உண்மைதான். ஆனால் வயிறே இல்லாத தட்டை டோகூக்கள் ஏராளம். ஆணா பெண்ணா என்று காட்டாதவையும் உண்டு. பத்தாயிரம் வருடம், ஒரு நீண்ட தீவுக்கூட்டம், எத்தனையோ ஊர்கள். எல்லாரும் ஒரே காரணத்துக்காகச் செய்தார்கள் என்றால் நம்புகிற மாதிரியா இருக்கிறது? நம் வீட்டில் இருக்கும் பொம்மைகளுக்கே ஒரே காரணம் சொல்ல முடியாதே.

இந்த விளக்கங்களில் எனக்குப் பெரிய அக்கறை கிடையாது. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். ஏன் எல்லாம் உடைந்திருக்கின்றன?

*

முழுசாகக் கிடைத்த டோகூக்கள் மிகக் குறைவு. மற்றதெல்லாம் துண்டுகள்: தலை, ஒரு கை, இடுப்பு, பாதம். பெரும்பாலும் குப்பையோடு குப்பையாக, உடைந்த பானை ஓடுகளுக்கு நடுவே. அவோமோரியில் சன்னாய் மருயாமா என்ற பெரிய குடியிருப்பில் 2,000 டோகூக்களுக்கு மேல் கிடைத்தன. பேஸ்பால் மைதானம் கட்டப் போய்க் கண்டுபிடித்த ஊர் அது, மைதானத்தை நிறுத்திவிட்டு ஊரைக் காப்பாற்றினார்கள். அங்கே சிலுவை வடிவத்தில் ஒரு தட்டை டோகூ, 32 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அதன் தலை ஓரிடத்தில் கிடந்தது, உடல் சுமார் 90 மீட்டர் தள்ளிக் கிடந்தது. தவறி விழுந்து உடைந்த பொம்மையின் தலை அவ்வளவு தூரம் உருண்டு போகாது. யாரோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

வேண்டுமென்றே உடைத்தார்கள் என்று சொல்பவர்களிடம் நல்ல ஆதாரம் ஒன்று உண்டு. நகானோ மாகாணத்தின் சினோ நகரில் 2000-ல் கிடைத்த 'முகமூடி தேவி'. 34 சென்டிமீட்டர், முக்கோண முகமூடி, யானைக்கால் மாதிரி தடித்த கால்கள். இடுகாட்டில் ஒரு குழிக்குள் படுத்திருந்தாள். வலது கால் உடலிலிருந்து கழன்று இருந்தது. மண் அழுத்தத்தில் உடைந்த மாதிரி தெரியவில்லை, கழற்றி வைத்த மாதிரிதான் இருந்தது. இன்னொரு ஆதாரம் செய்முறை. களிமண்ணைத் தனித்தனி உருண்டைகளாகப் பிடித்து, பிறகு ஒன்றோடொன்று பொருத்தியிருக்கிறார்கள். சிலவற்றில் நடுவே சிறு குச்சி. பொருத்திய இடத்தில் சுலபமாகப் பிளக்கும். உடையட்டும் என்றே செய்ததுதான் இது என்கிறார்கள்.

ஏன் உடைக்க வேண்டும்? பழைய விளக்கம் ஒன்று: நோயை மாற்றுவது. கால் வலிக்கிறவருக்காகப் பொம்மையின் காலை உடைப்பது. நோவு பொம்மையோடு போய்விடும்.

மறுபக்கத்து ஆட்களும் சும்மா இல்லை. மண் பொம்மை எங்கே உடையும்? கழுத்து, கை, கால், இடுப்பு, மெல்லிசான இடத்தில்தான். அதற்கு ஒரு சடங்கு தேவையா? உருண்டைகளைப் பொருத்திச் செய்வது சூளையில் வெடிக்காமல் வேகவைக்க வசதியாக இருந்திருக்கலாம். வேண்டுமென்றே உடைத்தால் அடித்த தடம் தெரிய வேண்டுமே, எத்தனை துண்டுகளில் அது தெரிகிறது? நியாயமான கேள்விகள். சண்டை இன்னும் முடியவில்லை.

*

அம்மா இரண்டு வருடத்துக்கு முன் ஏப்ரலில் டோக்கியோவுக்கு வந்தாள். அதற்கு முந்தைய வருடம்தான் அவளுக்கு இடது மார்பை எடுத்திருந்தார்கள். கீமோ முடிந்து முடி திரும்ப வளர்ந்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருந்தாள். பெட்டியில் கடலை மிட்டாய், புளி, சாம்பார் பொடியோடு, பழைய சேலையில் பஞ்சு வைத்து அவளே தைத்த இரண்டு உருண்டைகள். ஒன்று போட, ஒன்று துவைக்க. வெளியே கிளம்பும்போது மட்டும் உள்ளே வைத்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, "அப்பாடா" என்பாள்.

திரும்ப மார்பு வைக்கும் அறுவை சிகிச்சைக்கு நான் பணம் சேர்த்து வைத்திருந்தேன். டாக்டரிடமும் பேசியிருந்தேன். அவள் வேண்டாம் என்றாள். வயசு 58, இனி எதுக்கு என்றாள். பயமா என்றால் இல்லை என்றாள். காசுக்காகவா என்றால் அதுவும் இல்லை. போனில் ஒரு வருடம் இதே பேச்சுதான். நேரில் வந்தால் சம்மதிக்க வைத்துவிடலாம் என்று இருந்தேன்.

யமனாஷியில் பீச் மரங்கள் பூத்திருக்கின்றன, பார்க்கலாம் என்று ஒரு தோழி காரில் அழைத்துப் போனாள். சூவோ நெடுஞ்சாலையில் ஷாகாடோ என்று ஒரு வண்டி நிறுத்தம். அங்கிருந்தே படியேறினால் ஓர் அருங்காட்சியகம். 1980-களின் தொடக்கத்தில் அந்த நெடுஞ்சாலையைப் போடுவதற்காகத் தோண்டியபோது 1,116 டோகூத் துண்டுகள் கிடைத்தன. ஒன்றுகூட முழுசாக இல்லை. தலைகள் வரிசையாக, கால்கள் வரிசையாக, உடல்கள் வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே மலைச்சரிவு முழுக்க ரோஸ் கலரில் பூ.

அம்மாவுக்குப் படியேறி மூச்சு வாங்கியது. கண்ணாடிப் பெட்டியில் ஒரு உடல்துண்டின் முன்னால் நின்றுவிட்டாள். உள்ளங்கை அளவு. கழுத்துக்கு மேலே இல்லை, இடுப்புக்குக் கீழே இல்லை. ஒரு பக்கம் சின்ன முலை. இன்னொரு பக்கம் அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம். டோகூவின் முலைகளைத் தனியாக உருட்டி ஒட்டுவார்கள், அதனால் பெயர்ந்தால் அப்படித்தான் சுத்தமாகப் பெயரும் என்று நான் படித்ததைச் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குச் சரியாகப் படவில்லை.

"இதெல்லாம் ஏன் ஒட்டாம வச்சிருக்காங்க?" என்றாள்.

"ஒட்டுற துண்டு கெடைக்கலைம்மா."

"ஆயிரத்துக்கு மேல இருக்குங்குற. ஒண்ணுக்குக்கூடவா ஜோடி கெடைக்கல?"

சிலதுக்குக் கிடைத்திருக்கிறது, தூரத்துல வேற பகுதியில இருந்து என்றேன். பிறகு அந்த நோய் மாற்றும் கதையையும் சொன்னேன். உண்மையா என்று தெரியாது, ஒரு ஊகம்தான் என்றும் சொன்னேன். அவள் ஊகம் என்பதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. நேர்த்திக்கடனுக்குக் கண்மலர் வாங்கிப் போட்டு வளர்ந்தவள். அவளுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

"அப்ப ஒட்டக் கூடாது பாப்பா. போட்டது போட்டதுதான். திரும்ப எடுத்து ஒட்டுனா, போன நோவும் கூடவே வந்துரும்ல?"

அவள் பொம்மையைப் பற்றித்தான் சொன்னாள். அல்லது என்னிடம் ஒரு வருடமாகச் சொல்லத் தெரியாமல் இருந்ததை அப்போது சொன்னாள். அன்றைக்கு நான் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. பேச்சு முடிந்துபோனதாகவும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் ஆசை ஒன்றும் அநியாயமான ஆசை இல்லையே.

*

ஜப்பானில் ஐந்து டோகூக்களுக்கு மட்டும் தேசியப் பொக்கிஷம் என்ற தகுதி உண்டு. கூர்ந்து பார்த்தால் இந்த ஐந்தும் சேர்ந்து ஒரு சின்ன வேடிக்கை காட்டுகின்றன. 1995-ல் முதலில் தகுதி பெற்றவள் 'ஜோமோன் வீனஸ்'. 27 சென்டிமீட்டர், அகன்ற இடுப்பு, களிமண்ணில் மினுமினுக்கும் அப்ரகத் துகள். கிட்டத்தட்ட முழுசாகக் கிடைத்தவள், குழிக்குள் பத்திரமாகப் படுக்க வைத்திருந்தார்கள். யாமகாத்தாவில் கிடைத்த 'ஜோமோன் தேவி' 45 சென்டிமீட்டர், கிடைத்தபோது ஐந்து துண்டு. அவளுக்குக் கண், மூக்கு, வாய் எதுவும் செய்யவே இல்லை. ஹகோடேட் பக்கம் 1975-ல் ஒரு பெண்மணி தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டும்போது மண்வெட்டியில் தட்டுப்பட்ட டோகூ, உள்ளே கூடு. நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் உயரமிருந்தும், பொம்மையின் சுவர் அவ்வளவு மெல்லிசு. அதற்கு இரண்டு கைகளும் இல்லை. முகமூடி தேவியைப் பற்றி ஏற்கெனவே சொன்னேன். கழன்ற காலைப் பொருத்தி இப்போது நிற்க வைத்திருக்கிறார்கள்.

ஆக, கழற்றியது அவர்கள், பொருத்தியது நாம். நமக்குப் பொம்மை நிற்க வேண்டும். படத்தில் அழகாக விழ வேண்டும். 20,000 துண்டுகளில் நிற்கக்கூடியதாகப் பார்த்து ஐந்தை எடுத்துப் பொக்கிஷம் என்கிறோம். அவர்களுக்குப் பொக்கிஷம் எதுவாக இருந்திருக்கும்? 90 மீட்டர் தூக்கிக்கொண்டு போன அந்தத் தலையாகக்கூட இருந்திருக்கலாம்.

இப்படி எழுதிவிட்டு நிறுத்தினால் அம்மா கட்சி ஜெயித்த மாதிரி ஆகிவிடும். ஐந்தாவது பொக்கிஷம் இருக்கிறதே.

*

அம்மா ஊருக்குப் போனபின், அக்டோபரில், ஹச்சினோஹே போனேன். டோக்கியோவிலிருந்து ஷிங்கான்சென் ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள். நகரத்துக்கு வெளியே கொரேகாவா ஜோமோன் அருங்காட்சியகம். அங்கே ஒரு தனி இருட்டறை. அறைக்கு நடுவில் ஒரே ஒரு பெட்டி, அதற்குள் 19.8 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு ஆள் முழங்காலைக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள். முழங்கால்மேல் கைகளை ஊன்றி, விரல்களைக் கோத்து மார்புக்கு முன்னால் வைத்திருக்கிறாள். முகம் கொஞ்சம் மேலே பார்க்கிறது. கைகூப்பிய டோகூ என்று பெயர். கும்பிடுகிறாள் என்று சிலர், பிரசவத்துக்கு உட்கார்ந்திருக்கிறாள் என்று சிலர். இரண்டும் ஒன்றாகவும் இருக்கலாம், பிரசவ அறையில் கும்பிடாதவர் யார்?

1989-ல் கஸஹாரி என்ற இடத்தில், சுமார் 3,500 வருடத்துக்கு முந்தைய ஒரு வீட்டுக்குள் கிடைத்தவள். குப்பைக்குழியில் இல்லை, வீட்டுக்குள், வாசலுக்கு எதிரே உள்சுவரை ஒட்டி. இடது கால் மட்டும் உடலோடு இல்லை. அதே வீட்டின் தரையில் இரண்டரை மீட்டர் தள்ளிக் கிடந்தது.

நான் பார்க்கப் போனது அவள் கும்பிடுவதை இல்லை. உடைந்த இடங்களில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருக்கும் என்று படித்திருந்தேன். தார். ரோட்டுக்குப் போடும் தார்தான், ஆனால் இயற்கையாக நிலத்திலிருந்து ஊறி வருவது. அகிதா, நீகாதா பக்கம், எண்ணெய் உள்ள நிலங்களில் கிடைக்கும். ஜோமோன் மக்கள் அதைச் சூடாக்கி அம்புமுனையைக் குச்சியில் ஒட்டவும் தூண்டில் முள்ளைக் கட்டவும் பயன்படுத்தினார்கள், தூரத்து ஊர்களுக்கும் கொடுத்து வாங்கினார்கள். தூரத்திலிருந்து வரும் சரக்கு, சும்மா கிடைப்பதில்லை. அதை உருக்கி இந்தப் பொம்மையின் தொடையிலும் மற்ற முறிவுகளிலும் தடவி ஒட்டியிருக்கிறார்கள்.

அதாவது அவள் உடைந்தாள், அல்லது உடைக்கப்பட்டாள். யாரோ ஒருவர் அவளை வெளியே போடவில்லை. ஒட்டினார். திரும்ப வைத்துக்கொண்டார். எத்தனை நாள், எத்தனை தலைமுறை என்று சொல்ல முடியாது. ஒட்டியதற்கு அர்த்தமே, அவள் முழுசாக இருப்பது ஒருவருக்கு முக்கியமாக இருந்தது என்பதுதான்.

படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். கூடவே ஒரு நீளமான குரல்பதிவு, தார், அகிதா, எல்லாம். ராத்திரி பதில் வந்தது. "நல்லா ஒட்டிருக்காங்க. கறுப்பு தெரியுது பாரு, மறைக்கல." அதற்குக் கீழே இன்னொன்று: "அது அந்த வீட்டுக்காரங்க இஷ்டம்."

நான் சிரித்துவிட்டேன். பிறகு வெகுநேரம் அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

டோகூ எதற்கு என்று கேட்கும்போது நாம் எப்போதும் ஒரே பதிலை எதிர்பார்க்கிறோம். உடைக்கத்தான், இல்லை வணங்கத்தான், இல்லை பிள்ளைப்பேற்றுக்குத்தான். 1,116 துண்டுகளை ஒட்டாமல் விட்ட ஊர் ஒன்று. தூரத்திலிருந்து தார் வாங்கி ஒட்டிய வீடு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டரும் ஆயிரம் வருடத்துக்கு மேலும் இருக்கின்றன. ஒரே ஊருக்குள்ளேயேகூட ஒரு வீட்டில் போட்டிருப்பார்கள், பக்கத்து வீட்டில் ஒட்டியிருப்பார்கள். ஒரே வீட்டுக்குள் அதைப் பற்றி வாக்குவாதமும் நடந்திருக்கும். அதெல்லாம் மண்ணில் பதியாது. பதிவது முறிவும் தாரும் மட்டும்தான்.

சிபாவில் இருக்கும் ஜப்பானிய வரலாற்று தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு சின்ன டோகூ உண்டு. ஹச்சியோஜியில் கிடைத்தது, ஏழு சென்டிமீட்டர்தான். ஒரு தாய் பக்கவாட்டில் கால்களை மடக்கி உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். அவளுக்குத் தலை இல்லை, கழுத்தோடு போய்விட்டது. குழந்தைக்கு முகம் இருக்கிறது, அம்மாவின் மார்பில் அழுந்தியபடி. எத்தனையோ பேர் அவளுடைய முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்திருப்பார்கள். யாரும் புதுசாக ஒன்று செய்து ஒட்டவில்லை. அவள் அப்படியே கொடுத்துக்கொண்டிருக்கிறாள், அது குடித்துக்கொண்டிருக்கிறது.

கஸஹாரிக்காரியின் கால் கிடைத்ததும் அருங்காட்சியகம் அதை அவளோடு சேர்த்துவிட்டது. இன்றைக்கு அவளைப் பார்க்கிறவர்கள் முழு உருவத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் பெட்டியைச் சுற்றிக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தால், தொடையில் அந்தப் பழைய கறுப்புக் கோடு தெரிகிறது. நம் ஆட்கள் அதைத் துடைக்கவில்லை.